நீந்துவது யார்?

போட்டியொன்றில் ஒருவர் வெற்றி பெற்றார் என்று சொல்லும்போது, உண்மையில் நாம் எதனைப் பாராட்டுகிறோம்? அவருடைய உடல்வலிமையையா, பல்லாண்டுப் பயிற்சியையா, அல்லது அவர் அணிந்திருந்த உடையையா? விடை எளிது என்றே தோன்றும். ஆயினும் 2008, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நீச்சல் உலகம் இக்கேள்வியின் முன் திகைத்து நின்றது.

2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் 'எல்.இசட்.ஆர். ரேசர்' என்னும் நீச்சலுடையை வெளியிட்டது. அதற்குரிய துணிவகைகள் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்டவை. நூலால் தைக்காமல் மீயொலி அதிர்வால் ஒட்டப்பட்ட அவ்வுடையில் பாலியூரித்தேன் பட்டைகள் பதிக்கப்பட்டிருந்தன. உடலை இறுக்கிப் பிடித்து, நீரின் தடையைக் குறைப்பதே அதன் பணி. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஆதலால் தடையில் சிறிதளவு குறைந்தாலும் நீந்துபவருக்குப் பெரும் ஆதாயமே. அவ்வாண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் நீச்சலில் 25 உலகச் சாதனைகள் நிகழ்ந்தன. அவற்றுள் 23 இவ்வுடை அணிந்தோருடையவை.

மறு ஆண்டே வேறு நிறுவனங்கள் முழுவதும் பாலியூரித்தேனால் ஆன உடைகளைக் கொண்டுவந்தன. 2009-இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் மட்டும் 43 உலகச் சாதனைகள் குவிந்தன. ஜூலை 28 அன்று 200 மீட்டர் போட்டியில் ஜெர்மனியின் பால் பீடர்மான், பெய்ஜிங்கில் எட்டுத் தங்கம் வென்ற மைக்கேல் ஃபெல்ப்சை ஒரு விநாடிக்கும் மேலான இடைவெளியில் வென்றார். பீடர்மான் அணிந்தது புதிய உடை. ஃபெல்ப்ஸ் அணிந்தது முந்தைய ஆண்டின் உடை. ஃபெல்ப்சின் பயிற்சியாளர் வெகுண்டார். ஆனால் ஓராண்டுக்கு முன் புத்துடையின் ஆதாயம் யார் பக்கம் இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அநீதி நம்மைத் தொடும்போதுதான் அதன் பெயர் நம் நினைவுக்கு வருகிறது.

'கருவி இல்லாத விளையாட்டு ஏது? கம்பூன்றித் தாண்டுபவர் மூங்கிலை விட்டு இழைக்கண்ணாடிக் கம்பை ஏந்தவில்லையா?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. எனினும் கம்பில்லாமல் கம்பூன்றித் தாண்டுதல் என்றொரு போட்டியே இல்லை. நீச்சலோ, மனித உடல் நீரோடு நேருக்கு நேர் நிற்பது. நீரில் உடலைத் தாழவிடாமல் நேராக நிறுத்துவது, பல்லாண்டுப் பயிற்சியால் கைவரும் கலை. அக்கலையை உடையே செய்துகொடுத்தால், போட்டி எதனை அளக்கிறது?

'எல்லாருக்கும் ஒரே உடையைக் கொடுத்துவிட்டால் சமநீதி ஆகிவிடாதா?' என்பது அடுத்த கேள்வி. ஆகிவிடாது என்றே கருதுகிறேன். ஒரே உடை எல்லா உடல்களுக்கும் ஒரே அளவில் உதவுவதில்லை. நீரில் தாழும் உடலுக்கு அது மிகுதியாக உதவும். தானே நன்கு மிதக்கும் உடலுக்குக் குறைவாகவே உதவும். எனவே போட்டியாளர்களுக்கிடையே சமன் காண்பது நீதியின் ஒரு பாதியே. போட்டி எதற்காக ஏற்பட்டதோ அதற்கு உண்மையாயிருப்பது மறுபாதி.

ஜப்பானின் கோசுகே கிதாஜிமா 2008 ஜூனில் 'நீந்துவது நானே' என்னும் பொருள்படும் வாசகம் பொறித்த சட்டையோடு டோக்கியோ நீச்சல் அரங்குக்கு வந்தார். உடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோர்க்கு அவர் அளித்த விடை அது. அப்போட்டியில் அவர் எல்.இசட்.ஆர். உடையையே அணிந்து, 200 மீட்டர் மார்பு நீச்சலின் உலகச் சாதனையை ஏறத்தாழ ஒரு விநாடி குறைத்தார். அவர் மாபெரும் வீரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு விநாடியில் அவருடைய பங்கு எவ்வளவு, உடையின் பங்கு எவ்வளவு என்று அவராலேயே சொல்ல இயலுமா? தோற்றவருக்கு இழைக்கப்படும் தீங்கு கண்ணுக்குத் தெரிகிறது. வென்றவரும் ஒன்றை இழக்கிறார்: தன் ஆற்றலின் உண்மை அளவைத் தான் அறியும் உரிமையை.

அந்நாளில் ஃபினா எனப்பட்ட அனைத்துலக நீச்சல் கூட்டமைப்பு, 2010 ஜனவரி முதல் நாளிலிருந்து நெய்த துணியாலான உடைகளையே அனுமதித்தது. ஆண்களுக்கு இடுப்பு முதல் முழங்கால் வரை, பெண்களுக்குத் தோள் முதல் முழங்கால் வரை என எல்லையும் வகுத்தது. பழைய சாதனைகளை அது நீக்கவில்லை. இது சரியா? அவ்வீரர்கள் எவ்விதியையும் மீறவில்லை. ஒப்புதல் பெற்ற உடையையே அணிந்தனர். பின்னாளில் வந்த விதியைக் கொண்டு முன்னாளில் செய்ததைத் தண்டிப்பது அறமன்று. எனினும் அதன் சுமை அடுத்த தலைமுறையின் தோளில் விழுந்தது. ரோமில் பீடர்மான் நிகழ்த்திய 400 மீட்டர் சாதனை, 2025 ஏப்ரலில் அவர் நாட்டவரான லூக்காஸ் மெர்ட்டன்சால் முறியடிக்கப்படும்வரை ஏறத்தாழ 16 ஆண்டுகள் நின்றது. அவருடைய 200 மீட்டர் சாதனையோ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கையும் கடந்து நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் துணியுடையோடு நீந்திய எத்தனை இளைஞர்கள், தாங்கள் காணாத ஓர் உடையோடு போட்டியிட்டிருப்பர்!

அப்படியாயின் குற்றம் யாருடையது? வேகத்தையும் மிதப்பையும் கூட்டும் சாதனங்கள் கூடாது என்னும் விதி முன்னரே ஏட்டில் இருந்தது. அதைக் காக்க வேண்டியவர்களே அவ்வுடைகளுக்கு ஒப்புதல் அளித்தனர். காவலர் கண்ணயர்ந்தால் குற்றமற்றவர்களே இரு பக்கமும் விலை கொடுக்கின்றனர்: முன்னவர் தம் புகழில் ஐயத்தையும், பின்னவர் எட்டாத இலக்கையும் சுமக்கின்றனர். காலந்தாழ்ந்து வரும் திருத்தத்தால் இவ்விரண்டையும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது.

இது வீரர்களோடு முடியும் செய்தியன்று. அமெரிக்க நீச்சல் அமைப்பு 2020 செப்டம்பர் முதல், 12 வயதும் அதற்குட்பட்டவருமான சிறுவர்களுக்கு உயர்நுட்பப் போட்டியுடைகளைத் தடைசெய்தது. நல்ல முடிவு. விலையுயர்ந்த உடையை வாங்க இயலாத தந்தையின் பிள்ளை, நீரில் இறங்கும் முன்னரே தோற்றுவிடக் கூடாதல்லவா? வாங்க இயன்றவரின் பிள்ளைக்கும் அது நன்மையே. தன் கையும் காலும் எவ்வளவு தூரம் தன்னைக் கொண்டுசெல்லும் என்பதை அப்பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளட்டும்.