தாய்மொழியைச் சொல்வது யார்?

"உங்க தாய்மொழி என்ன?" என்று கேட்கிறோம். அவர் பதில் சொல்கிறார். அதை எழுதிக்கொண்டு, வேறொரு பெயரின் கணக்கில் சேர்த்துவிட்டால் அது நிர்வாகமா, அநியாயமா?

ஜார்க்கண்டில் தன்பாத், பொக்காரோ, கிரிடி, ஹசாரிபாக் பக்கம் பேசப்படும் மொழி கோர்ட்டா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 80 லட்சம் பேர் அதைத் தங்கள் தாய்மொழி என்று சொன்னார்கள். அந்த 80 லட்சமும் அறிக்கையில் 'இந்தி' என்ற தலைப்பின் கீழ் போய்விட்டது. இந்தி பேசுவோர் 52 கோடிக்கும் மேல் என்கிறோமே, அந்தக் கூட்டலுக்குள் இவர்களும் இருக்கிறார்கள்.

"மொழியியல் அப்படித்தான் சொல்லுது" என்று ஒரு சமாதானம் வரும். சரி, மைதிலியைப் பார்ப்போம். 1991 கணக்கெடுப்பில் அது இந்திக்குள் இருந்தது. 2003இல் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. 2001 கணக்கு வெளியானபோது தனிமொழியாக நின்றது. இடையில் மைதிலியின் இலக்கணம் மாறவில்லை. ஒரு வேற்றுமை உருபுகூட நகரவில்லை. மாறியது சட்டம்தான். ஆக, இங்கே தீர்ப்புச் சொன்னது மொழியியல் இல்லை, அதிகாரம்.

ஸ்ரீநிவாஸ் பானுரி காளிதாசனின் மேகதூதத்தையே கோர்ட்டாவுக்குக் கொண்டுவந்தவர். ராஞ்சி பல்கலைக்கழகத்தில் இந்த மொழியில் முதுகலைப் பட்டம் படிக்கலாம். இதெல்லாம் இருந்தும் மொழி அட்டவணைக்கு வெளியேதான் நிற்கிறது.

இன்னொரு கேள்வி இதைவிடச் சங்கடமானது. வீட்டில் கோர்ட்டா பேசுகிற ஒரு அம்மா, பிள்ளைக்கு நல்ல வேலை கிடைக்கட்டும் என்று கணக்கெடுக்க வந்தவரிடம் "இந்தி" என்றே சொல்லிவிட்டால்? அவரைத் துரோகி என்பது சுலபம். ஆனா மொழியைக் காப்பாற்றும் செலவை அவர் பிள்ளையின் எதிர்காலத்திலிருந்து எடுக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை? உண்மையைச் சொல்வதால் ஒருவருக்கு நஷ்டம் வரும்படி வைத்துவிட்டு, "ஏன் உண்மை சொல்லல?" என்று கேட்பது நியாயமே இல்லை.

அதே நியாயம் கோர்ட்டாக்காரர்களையும் கட்டும். அவர்களின் பக்கத்து ஊரில் சந்தாலி பேசுபவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் பெரும்பாலும் கோர்ட்டாவுக்கு இறங்கி வருபவர்கள் அவர்கள்தான். பெரிய மொழியிடம் நாம் கேட்கிற மரியாதையை, நம்மிடம் கேட்பவருக்கும் கொடுக்கிறோமா? மொழி உரிமை என்று பேசத் தொடங்கும் யாரும் முதலில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.