ஞானஸ்நானப் பதிவேடு யாருக்குச் சாட்சி?

தேவிகுளம் தாலுகாவின் தேயிலைத் தோட்டங்களுக்கு மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால் மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதி வைக்கவில்லை. ஆள் சேர்த்து அழைத்து வந்த கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்தும் இல்லை, உட்கார்ந்து எழுத ஒரு பொழுதும் இல்லை. அவர்களைப் பற்றி மற்றவர்கள்தான் எழுதினார்கள். எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார், எந்த லயத்தில், அதாவது எந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்தார் என்று கம்பெனி எழுதியது. யாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது, யார் அடக்கம் செய்யப்பட்டார் என்று திருச்சபை எழுதியது. என்ன சாதி, என்ன மதம் என்று தாலுகா ஆபீஸ் எழுதியது. மூன்று நிறுவனங்களும் தத்தம் தேவைக்கு எழுதிக்கொண்ட இந்த ஏடுகள் ஒருநாள் நீதிமன்ற மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்கப்படும், ஒன்றை வைத்து மற்றொன்று பொய்யாக்கப்படும் என்று லயத்தில் இருந்த யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அது நடந்தது. கேரளச் சட்டமன்றத்தின் 140 தொகுதிகளில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை 14. தேவிகுளம் அவற்றில் ஒன்று. 2021 தேர்தலில் அங்கே மார்க்சிஸ்ட் கட்சியின் ஆ. ராஜா 7,848 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் டி. குமார் வழக்குத் தொடுத்தார். வென்றவர் இந்து பறையர் என்று சான்றிதழ் காட்டியிருக்கிறார், ஆனால் அவர் குடும்பம் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம், எனவே தனித்தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதியில்லை என்பது வழக்கு. குண்டளை எஸ்டேட் திருச்சபையின் பதிவேடுகள் நீதிமன்றத்துக்கு வந்தன. அவற்றில் அடித்தல் திருத்தல் இருந்தது பற்றி நெடிய வாதம் நடந்தது. கல்யாணப் படங்கள் வந்தன. மணமக்கள் உடுத்தியிருந்த உடைகூட ஆராயப்பட்டது. 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவருடைய பதவியை நிலைநிறுத்தியது.

சட்டமன்றப் பதவி ஒருவருக்குக் கிடைத்ததும் போனதும் மீண்டதும் அரசியல்காரர்களின் கவலை. இங்கே எடைபோட வேண்டியது வேறொன்று. ஒரு மனிதன் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறான் என்று துருவிப் பார்த்து அவன் ஒடுக்கப்பட்டவனா இல்லையா என்று அரசு முடிவு செய்வது அறமா? அந்தத் துருவலுக்குத் திருச்சபையின் ஏடு சாட்சியாகப் பயன்படுவது அறமா?

கேள்வி எங்கிருந்து முளைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாவது பத்தி என்று ஒன்று இருக்கிறது. இந்து அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்பது அதன் சாரம். 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் அதற்குள் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. தேவிகுளத்துத் தமிழருக்கு இதே ஆணை இன்னொரு முடிச்சும் போடுகிறது. பட்டியல் மாநிலவாரியானது. ஆணை வந்த நாளுக்கு முன்பே குடும்பம் கேரள மண்ணில் இருந்தது என்று காட்டினால்தான் கேரளத்தில் சான்றிதழ். நிலப் பட்டா கிடையாது, லயம் கம்பெனியுடையது, பள்ளிச் சான்று கிடையாது. பாட்டன் எந்த வருடம் பேர் பதிந்தான் என்று கம்பெனி எழுதிய வரியைத் தேடிக்கொண்டுதான் பேரன் தாசில்தார் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. மண்ணுக்குச் சாட்சி கம்பெனி ஏடு, மதத்துக்குச் சாட்சி திருச்சபை ஏடு. அவன் வாய்ச்சொல்லுக்கு மட்டும் இரண்டிலும் மதிப்பில்லை.

மூன்றாவது பத்திக்கு ஆதரவான வாதங்களை எளிதில் தள்ளிவிடக் கூடாது. தீண்டாமை இந்துச் சமூக அமைப்புக்குள் பிறந்த கொடுமை. அதற்கான ஈடும் அதற்குள் இருக்கிறவர்களுக்கே என்பது ஒரு வாதம். மதம் மாறியவர் சமத்துவத்தைத் தேடித்தானே போனார், போன இடத்தில் சாதி இல்லை என்று அந்த மதமே சொல்கிறதே என்பது இன்னொன்று. மூன்றாவது வாதம் ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளிருந்தே வருகிறது, அதனால் மனச்சாட்சியை அதிகம் தொடுகிறது. மிஷன் பள்ளிக்கூடமும் மிஷன் ஆஸ்பத்திரியும் ஒரு தலைமுறை முந்திக் கிடைத்தவர்கள் உள்ளே வந்தால், அவை கிடைக்காத இந்து தலித்தின் பிள்ளைக்கு இருக்கும் கொஞ்ச இடமும் போய்விடாதா? ஒதுக்கீடு அரைவயிற்றுச் சோறு, அதிலும் பங்கா என்ற இந்தப் பயம் உண்மையானது. தேவிகுளத்தில் வழக்குப் போட்டவரும் அதே ஒதுக்கீட்டுக்கு உரியவர்தான். இருக்கிற சட்டத்தின்படி அவர் எழுப்பிய கேள்வியில் தவறேதும் இல்லை.

ஆனாலும் இந்த வாதங்கள் கடைசிவரை நிற்பதில்லை. சமத்துவம் பேசும் மதத்துக்குப் போனவருக்குச் சாதி ஒழிந்துவிடும் என்றால், அது பௌத்தத்துக்கு எல்லோருக்கும் முன்னால் பொருந்தியிருக்க வேண்டும். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவினார்கள். அவர்கள் ஊரில் யாரும் அவர்களைச் சாதி நீங்கியவர்களாக நடத்தவில்லை. 34 ஆண்டுகள் கழித்து அரசு அதை ஒப்புக்கொண்டு அவர்களைப் பட்டியலில் சேர்த்தது. அன்றே மூன்றாவது பத்தியின் அடிப்படை நியாயம் போய்விட்டது. பங்கு குறையும் என்ற பயத்துக்கு வழி பங்கைக் கூட்டுவது. பசித்தவனைப் பசித்தவன் என்று சொல்லாமல் மறைப்பது வழியாகாது. கேரள அரசே பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்கு அரசு வேலையில் 1 சதவீதம் தனியாக ஒதுக்கியிருக்கிறது. ஞானஸ்நானத்தோடு ஒடுக்குமுறை முடிந்துவிட்டது என்று நம்பும் அரசு அதைச் செய்திருக்காது.

இந்தச் சட்டத்தால் விளையும் பெரிய தீங்கு சோற்றுப் பங்கைப் பற்றியதல்ல, மனசைப் பற்றியது. தமிழகத்தின் தென் மாவட்டங்களில் கிறிஸ்தவரானவர்களுக்கு ‘வேதத்தில் சேர்ந்தவர்கள்’ என்று ஒரு சொல் உண்டு. தோட்டத்திலும் அப்படித்தான். ஒரே குடும்பத்தில் அண்ணன் வேதத்தில் இருப்பான், தம்பி முருகனுக்குக் காவடி எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற அம்மா மாரியம்மன் கொடைக்கும் வரி கொடுப்பாள். எளிய மனிதர்களின் பக்தி இப்படித்தான் இருந்திருக்கிறது, அதில் கபடம் கிடையாது. அந்த வீட்டுப் பையனிடம் அரசு ஒரு படிவத்தை நீட்டி, ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடு என்கிறது. இட்ட குறியைப் பொறுத்து அவன் கல்லூரிக் கட்டணமும் வேலையும் மாறும். பெயருக்கு இந்துவாகவும் நெஞ்சுக்குள் கிறிஸ்தவனாகவும் வாழும்படி அவனைப் பழக்கிவிட்டு, பிறகு பொய் சொன்னான் என்று கூண்டில் ஏற்றுகிறோம். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் கிறிஸ்தவ வழிபாட்டில் இருந்துகொண்டே வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்டதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு எதிரான மோசடி என்றே கண்டித்தது. சட்டத்தின் கண்ணில் அது மோசடியாகவே இருக்கட்டும். நம்பிக்கையையும் சோற்றையும் எதிரெதிரே வைத்து ஒன்றை எடு என்று ஏழையிடம் சொல்லும் சட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது?

தேவிகுளத்தின் கதையிலேயே இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி உண்டு. அதே ராஜா 2021-இல் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். அவர் படித்த மொழிபெயர்ப்பில் கடவுளின் பெயரால் என்ற சொல்லும் இல்லை, உளமார என்ற சொல்லும் இல்லை என்று கண்டுபிடிக்கப்பட்டது. ஜூன் 2 அன்று இரண்டாம் முறை பிரமாணம் எடுக்க வேண்டி வந்தது. எந்தக் கடவுள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கடவுளே வேண்டாம் என்றாலும் சரி, உளமார என்று சொல்லிவிட்டு உட்காரலாம். சட்டம் இயற்றப் போகிறவனின் தெய்வத்தைத் தெரிந்துகொள்ள விரும்பாத அரசியலமைப்பு, அவனே தனித்தொகுதியில் நிற்கும்போது மட்டும் அவன் கல்யாணத்தில் உடுத்திய உடையைப் பார்க்கிறது.

இந்த விவகாரத்தில் திருச்சபைகள் பாதிக்கப்பட்டவர்களின் இடத்தில் மட்டும் நின்றுகொள்ள முடியாது. 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. தொடுத்தவர் சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்தவர், கிறிஸ்தவரான ஆதிதிராவிடர். இந்துவாக இருந்தவர்களுக்குக் கிடைத்த அரசு உதவி தனக்கு இல்லையே என்று போயிருந்தார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குச் சான்று எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. அந்தச் சான்று யார் கையில் இருக்கிறது? எந்தக் கோயிலில் யாருக்கு எந்த வாசல், யாருக்கு எந்தக் கல்லறைப் பகுதி, யார் வீட்டு வழியாகத் தேர் போகும், யார் வீட்டு வழியாகப் போகாது என்பதெல்லாம் சபைகளுக்குத் தெரியும். அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் சம உரிமை கிடைக்காத தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் மூண்டது. போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். மோதிய இரு தரப்பும் ஒரே மாதாவின் பிள்ளைகள். பிரசங்க மேடையில் சாதி இல்லை என்று சொல்லிக்கொண்டே தேர்தல் குழுவிலும் கல்யாணப் பேச்சிலும் கல்லறையிலும் சாதியைக் காப்பாற்றும் சபை, ஒதுக்கீடு வேண்டும் என்று டெல்லியில் மனுக் கொடுக்கும்போது அந்த மனுவின் பலத்தைத் தானே குறைக்கிறது. ஒதுக்கீடு கேட்பதற்கு முன், தன் ஏடுகளில் பதிந்திருக்கும் சாதியைத் தானே முன்வந்து வெளியே வைக்கட்டும். ஒருவன் கிறிஸ்தவன் என்று காட்டப் பயன்பட்ட பதிவேடு, அவன் கிறிஸ்தவனான பிறகும் சாதி விடவில்லை என்பதற்கும் சாட்சி சொல்லும்.

தங்களுக்காகப் பேசுவதாகச் சொல்லும் நிறுவனத்தைக் கேள்வி கேட்பது இந்த மலைக்குப் புதிதல்ல. 2015 செப்டம்பரில் மூணாறில் கொழுந்து கிள்ளும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதம் போனஸ் வேண்டும், நாள் கூலி 232 ரூபாயை 500 ஆக்க வேண்டும் என்று கேட்டார்கள். கம்பெனியை எதிர்த்தது போலவே, பல பத்தாண்டுகளாகத் தங்கள் பேரில் ஒப்பந்தம் போட்டுவந்த தொழிற்சங்கங்களின் தலைவர்களையும் பக்கத்தில் வரவிடவில்லை. பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் ‘பெம்பிளை ஒருமை’ அங்கே பிறந்தது. போனஸ் கோரிக்கையில் வென்றார்கள். கூலி கேட்ட அளவுக்கு உயரவில்லை. லயங்களில் தோளோடு தோள் நின்ற அந்தப் பெண்களில் வேதக்காரியும் இருந்தாள், அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவளும் இருந்தாள். கூடையின் பாரம் மதம் பார்த்து முதுகில் ஏறுவதில்லை. சங்கத்திடம் அவர்கள் கேட்ட கேள்வி சபைக்கும் பொருந்தும், கோயிலுக்கும் கட்சிக்கும் பொருந்தும்: எங்கள் பேரில் வைத்திருக்கும் ஏட்டை எங்களுக்காகத் திறந்திருக்கிறீர்களா?

2020 ஆகஸ்ட் 6 இரவு இதே தோட்டப் பகுதியில், ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பக்கம். கிடைத்த உடல்களை ராஜமலையில் பெரிய குழிகள் எடுத்து ஒன்றாக அடக்கம் செய்தார்கள். வாழ்ந்தபோது அடுத்தடுத்த ஒற்றை அறைகளில் ஒரே கூலியில் வாழ்ந்தவர்கள். அவர்களில் எவரும் ஞானஸ்நானம் பெற்றதால் லயத்தை விட்டு பங்களாவுக்குப் போகவில்லை. மதம் மாறினால் நிலை மாறிவிடும் என்று 1950-இல் எழுதிய கை இந்த லயங்களை ஒருமுறை வந்து பார்த்திருக்க வேண்டும்.

நீதிமன்றங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. கோலார் தங்கவயல் தொகுதியில் இதேபோல ஒரு வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அங்கும் சுரங்கத்துக்கு வந்த தமிழர்கள்தான், அங்கும் தனித்தொகுதிதான், அங்கும் வென்றவர் 1949-இல் ஞானஸ்நானம் பெற்றவர் என்ற புகார்தான். அப்படி வென்ற ராஜகோபால் 1967-இல் பெற்ற வெற்றி பறிபோனது. 1972-இல் அவர் மீண்டும் வென்றார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மதம் மாறினாலே சாதி போய்விடும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, தென்னிந்தியாவில் மாறிய பிறகும் சாதி ஒட்டியிருப்பது தெரிந்ததே என்று அன்றே பேசப்பட்டது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியையே எடுத்துவிடப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதையே ஆராய இன்னொரு ஆணையம் அமைத்தது. ஒருவர் வென்றாலும் தோற்றாலும் அந்தப் பத்தி இருக்கும்வரை அடுத்த தாசில்தாரிடம், அடுத்த பையனிடம் அதே கேள்வி போய் நிற்கும்.

அதை நீக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் செய்ததுபோல நாடாளுமன்றம் ஒரு சாதாரணச் சட்டம் இயற்றினால் போதும்.