வெட்டுதலும் மாற்றுதலும்: ஒரு பழைய எஞ்சினை முன்வைத்து

முன்னோர் விட்டுச்சென்ற பொருளொன்று நம் கைக்கு வருமிடத்து, அதனை நாம் விரும்பியவாறு செய்யும் உரிமையும் உடன் வருகின்றதா? நிலத்தையும் வீட்டையும் முன்வைத்து இவ்வினாவை எழுப்பினோர் பலர். மோட்டார் வண்டியின் எஞ்சினை முன்வைத்து எழுப்புதல் சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் கடந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டின் உணவு வேளைகளை இரு வாரம் கசப்பாக்கிய வினா இதுவேயாதலின், அதனை அற்பமென ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

பாட்டனார் ஓட்டிய மொறிஸ் மைனர் வண்டி இன்று தமையனாருடையது. 1098 சீசீ எஞ்சின் உடையது. அதே எஞ்சின் குடும்பத்தின் பிற்கால 1275 சீசீ எஞ்சினுக்குரிய ஹெட்டை அதிற் பூட்ட அவர் விரும்பினார். அந்த ஹெட்டின் வால்வுகள் பெரியன. புகை போக்கும் வால்வு 25 மில்லிமீற்றரிலிருந்து 29 மில்லிமீற்றராகும்; கலவையை உள்ளிழுக்கும் வால்வும் ஏறத்தாழ அவ்வளவே விரியும். எஞ்சின் கூடுதலாக மூச்சுவிடும், கூடுதலாக உழைக்கும். இடையூறு ஒன்றுண்டு. சிலிண்டரின் குறுக்களவு 64.6 மில்லிமீற்றர் மட்டுமே. பெரிய புகைவால்வின் விளிம்பு சிலிண்டரின் வாய்க்கு வெளியே நீண்டுநிற்கும். திறந்து கீழிறங்குகையில் புளொக்கின் மேற்றளத்தில் மோதும். ஆகவே ஒவ்வொரு சிலிண்டரின் வாயோரத்திலும் பிறைவடிவிற் சிறு குழியொன்றை வெட்டுதல் வேண்டும். ஆழம் மிகுந்தால் பிஸ்டனின் மேல் வளையம் வெறுமையில் நிற்கும். வேலை தெரிந்தவனுக்கு அரைநாட் பணி. வெட்டிய இரும்போ மீளாது.

தமையனாரின் வாதத்தை எளிதிற் புறந்தள்ள முடியாது. அலெக் இசிகோனிஸ் உருவாக்கிய இவ்வண்டி 1948இல் வெளிவந்தபோது அதன் எஞ்சின் 918 சீசீ. வால்வுகளும் புளொக்கிலேயே இருந்தன. 1952இல் அதனைக் கைவிட்டு, ஹெட்டில் வால்வுகளையுடைய 803 சீசீ எஞ்சினை வைத்தனர். 1956இல் அது 948 ஆயிற்று, 1962இல் 1098. ‘செய்தவர்களே ஓயாது மாற்றினார்கள், நான் மாற்றினால் மட்டும் பாவமா?’ என்றார் அவர்.

மெய்யியல் மாணவனாகிய நான் உடனே கிரேக்கரிடம் ஓடினேன். புளூட்டாக் கூறும் தீசியசின் கப்பலில் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. எஞ்சியது அதே கப்பல்தானா என்பது வினா. நாகசேனர் மிலிந்த மன்னனிடம், சில்லுதான் தேரா, அச்சுதான் தேரா என வினவியதும் நம் நாட்டில் நன்கறியப்பட்டதே. ஆயின் இவ்விரு கதைகளும் எனக்கு உதவவில்லை. அவை ஒரு பொருள் இன்னது என அறிவதைப் பற்றியவை. வெட்டிய பின்னும் அது பாட்டனாரின் வண்டியே என்பதில் எங்கள் வீட்டில் எவருக்கும் ஐயமில்லை. பலகையை மாற்றினால் பழைய பலகை எங்கோ கிடக்கும். ஹொப்ஸ் அப்பலகைகளைக் கொண்டே இரண்டாவது கப்பலொன்றைக் கட்டிப் பார்க்கவில்லையா? குழியிலிருந்து சிந்திய இரும்புத்தூளைக் கொண்டு எவரும் எதனையும் கட்டார். எனவே மீட்கத்தக்க மாற்றம், மீட்கவியலா மாற்றம் என்னும் வேறுபாடே அறத்துக்கு முதன்மையானது என முடிவுகட்டினேன்.

அம்முடிவு ஒருநாள் கூட நிலைக்கவில்லை. இதே புளொக்கின் சிலிண்டர்கள் முன்னரே இருமுறை கடையப்பட்டவை என்றார் தந்தையார். தேய்ந்த சுவரைக் கடைந்து பெரிய பிஸ்டனிடுதலும் இரும்பை அகற்றுவதே, அதுவும் மீளாது. அதனை எவரும் குற்றமென்று கூறவில்லை. அது வண்டி தொடர்ந்து ஓடுதற்காகச் செய்தது என நான் விடையிறுத்தேன். சொன்னபோதே அவ்விடை முழுமையற்றதென உணர்ந்தேன். தேவைக்காக வெட்டலாம், ஆசைக்காக வெட்டலாகாது எனின், தேவையின் எல்லையை வகுப்பவர் யார்? மலைப்பாதையில் மூச்சுத்திணறாது ஏறவேண்டும் என்பது தமையனாருக்குத் தேவையாகவே தோன்றிற்று.

என்னை உண்மையில் தடுத்தது வேறொன்று. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரிதானபோது இத்தகைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுறேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். கரும்புகையும் நாற்றமும் எழுந்தன, எனினும் ஓடின. 1995 ஒக்டோபரில் வலிகாமம் பெயர்ந்தபோது பாட்டியாரும் இரு அயல்வீட்டுக் கிழவர்களும் தென்மராட்சிக்குச் சென்றது இவ்வண்டியில்தான். அப்போது நான் பிறக்கவில்லை. அன்று அந்த எரிபொருளை அது சகித்ததற்குக் காரணம் அதன் தாழ்ந்த அமுக்கவிகிதம்; அதாவது, தமையனார் குறையெனக் கண்ட அந்தத் தளர்ச்சியே. புதிய ஹெட்டின் எரியறை சிறியது, அமுக்கம் உயரும். 2022இல் எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை நின்றபோது இக்கதையைத் தந்தையார் மீண்டும் மீண்டும் கூறினார். ஒரு பொருளின் குறை எது, குணம் எது என்பதை நம் தலைமுறை மட்டும் தீர்மானித்துவிட இயலுமா? ஹெட்டைக் கழற்றிப் பழையதைப் பூட்டினால் அமுக்கம் மீளும் என்பது மெய்யே. அதனாற்றான் என் மறுப்பு ஹெட்டின் மீதன்று, குழியின் மீது மட்டும் நின்றது.

பழைய வாகனக் கழகங்களின் சர்வதேச சம்மேளனம் 2012இல் ஏற்ற தூரின் பட்டயமும் ஏறத்தாழ இதையே வேண்டுகிறது: மாற்றம் மீளத்தக்கதாய் இருத்தல் நன்று; கழற்றிய உறுப்புகளைப் பேணிவைத்தல் வேண்டும். தமையனார் இதனைப் படித்துவிட்டு மறுபேச்சின்றி எழுந்துபோனார். என் பேச்சுக்கு அசையாதவர் பட்டயத்துக்கு அசைந்தாரேயென எனக்குச் சிறிது மனத்தாங்கல்.

மறுமாதம் பழைய இரும்புக் கடையொன்றில் அதேவகைப் புளொக் ஒன்றை வாங்கிவந்தார். குழிகள் அதிலேயே வெட்டப்பட்டன. பாட்டனாரின் புளொக்குக்குக் கிறீஸ் பூசி, சாக்கிற் சுற்றி, பின்விறாந்தையில் வைத்திருக்கிறோம். வீட்டில் அமைதி திரும்பிற்று. வண்டி நன்றாகவே ஓடுகின்றது; நானும் அதில் ஏறிச் செல்கின்றேன்.

கடையிலிருந்து வந்த அந்தப் புளொக்கை வெட்டுமுன் மண்ணெண்ணெயாற் கழுவியவன் நான். அதன் பக்கத்தில் எஞ்சின் எண் பொறித்த தகடு இருந்த இடத்தில் இரு சிறு துளைகள் மட்டுமே இருந்தன.