கூந்தற் சாயமும் வாய்மையும்

மகளிர் கூந்தலின் மணம் இயற்கையோ செயற்கையோ எனப் பாண்டியனுக்கு எழுந்த ஐயமும், அதுபற்றிச் சங்கமண்டபத்தில் நிகழ்ந்த வாதமும் திருவிளையாடற் புராணம் கற்றார் யாவரும் அறிந்தவை. இக்காலத்திலே அவ்வையம் மணத்தை விட்டு நிறத்தைப் பற்றி எழுந்துளது. விடுமுறை கழிந்து பாடசாலைக்கு மீளும் மாணாக்கர் சிலரது கருங்குழலிலே பொன்னிறக் கீற்றுக்களும் செந்நிறக் கீற்றுக்களும் தோன்றுகின்றன. பெரும்பாலும் இவை வீட்டிலேயே தீட்டிக்கொள்ளப்படுவன. இது பொய்யொழுக்கமா, வெறும் அலங்காரமா, ஆசிரியர் செய்யத்தக்கது யாது என்பன ஆராயற்பாலன.

முதற்கண் செய்கையின் தன்மையை அறிதல் வேண்டும். நம்மவர் மயிரின் கருமைக்குக் காரணம் அதனுள் அமைந்த மெலனின் என்னும் நிறப்பொருள். கரிய துணியிலே மஞ்சட் சாயம் விளங்காதவாறு போலக் கருமயிரிலே இளநிறம் விளங்காது. ஆதலின், வெளிற்றுந் தூளை ஐதரசன் பேரொட்சைட்டுடன் குழைத்து, தெரிந்தெடுத்த மயிர்க்கற்றைகளிற் பூசி, மெல்லிய அலுமினியத் தாளிற் சுற்றிவைப்பர். அக்குழம்பு மயிரினுட் புகுந்து மெலனினைச் சிதைக்கக் கருமை செம்மையாகி, செம்மஞ்சளாகி, முடிவில் மஞ்சளாகும். அதன்மேலேயே விரும்பிய சாயம் ஏற்றப்படும். ஐதரசன் பேரொட்சைட்டை 1818 இல் கண்டவர் தெனார் என்னும் பிரெஞ்சு அறிஞர். செயற்கை மயிர்ச்சாயத்தை 1907 இல் ஆக்கி விற்கத் தொடங்கியவரும் அந்நாட்டு இயூஜின் சுவெல்லர் என்பவரே.

இனி, சாயமிடுதல் பொய்யாகுமோ எனின், பொய்யாவது உண்மையல்லாத ஒன்றைப் பிறர் உண்மையென்று நம்பும்படி செய்தல். கருங்குழலின் நடுவே ஓடும் பொற்கீற்றைக் கண்டு, இது பிறவிநிறம் என மயங்குவார் ஒருவருமிலர். நெற்றிப் பொட்டும் கையில் இட்ட மருதோன்றியும் போல அது தன்னைச் செயற்கையென்றே அறிவித்து நிற்கின்றது.

மட்டக்களப்பு வாவியின் கரையிலே காத்தான்குடி முஸ்லிம் அன்பரும் ஆரையம்பதித் தமிழரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அவ்வயலவர் நெறியிலே இப்பொருள் பற்றி நுண்ணியதொரு பகுப்பு உண்டு. 630 ஆம் ஆண்டு மக்கா நகர் வெற்றிகொள்ளப்பட்ட நாளிலே, அபூபக்கரின் தந்தையார் அபூ குஹாபா வெண்பூப்போல நரைத்த தலையும் தாடியுமாய்க் கொண்டுவரப்பட்டார் எனவும், அந்நரையை மாற்றுக, கருமையைத் தவிர்க்க என நபிகள் நாயகம் பணித்தார் எனவும் ஹதீஸ் நூல்கள் கூறும். கருஞ்சாயம் பற்றி அவர்தம் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அதனை விலக்கியோர் காட்டும் காரணங்களுள் ஒன்று, முதுமையை இளமையாகக் காட்டி மயக்குதல் என்பது. மருதோன்றியாற் சிவந்த தாடியோ எவரையும் மயக்குவதில்லை.

அன்பர்காள்! இவ்வளவுகோலால் நம்மையும் அளந்து பார்ப்போமாக. ஆசிரியர் அறையிலே நரையைக் கருஞ்சாயத்தால் மறைத்தோர் இலரோ? அவருள் ஒருவர் ஒரு மாணாக்கனை நோக்கி, "இறைவன் தந்த நிறத்தை மாற்றினாயே" என்று கடிந்தால், அவன் வாய் திறவாது நிற்பினும் அவன் உள்ளத்திலே விடை உண்டு. அவன் சாயம் வெளிப்படை. நமது சாயம் மறைவு. நரை மறைப்பாரை இகழ்தல் எம் கருத்தன்று. முதுமையை ஏளனஞ் செய்யும் உலகிலே அதற்குக் காரணங்கள் பல உள. ஆயினும் அவ்வாதத்தை எடுத்தாளும் உரிமை அவர்க்கு இல்லை. அன்றியும், எம்பெருமானைச் செஞ்சடையோன் என்று நாடோறும் வழுத்துகின்ற நாம், செந்நிற மயிரை இழிவென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஆயின் மாணாக்கரைத் தடுக்க நியாயமே இல்லையோ எனின், இரண்டு உண்டு. ஒன்று உடல்நலம். மயிர் உயிரற்றது, அது முளைக்கும் தோல் உயிருடையது. வெளிற்றுங் குழம்பு தோலிற்பட்டுப் புண்ணாக்கவும், கண்ணிற்பட்டு ஊறுசெய்யவும் கூடும். கருஞ்சாயங்கள் பலவற்றிற் கலந்துள்ள பரா-பீனலீன் டையமீன் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை விளைக்கும். அது கலந்த 'கறுப்பு மருதோன்றி'யாற் சிறுவர் கைகளிற் கொப்புளம் எழுந்தமையை மருத்துவர் எழுதியுளர். ஐரோப்பிய ஒன்றியத்திலே இத்தகைய சாயப் பெட்டிகளின்மேல், 16 வயதிற்கு உட்பட்டோர்க்கு உரியதன்று என்னும் எச்சரிக்கை அச்சிடப்படுதல் வேண்டும். மற்றொன்று சமத்துவம். செல்வர் வறியர் என்னும் வேறுபாடு வகுப்பிலே தோன்றாமைக்கே வெண்சீருடை அணிவிக்கின்றோம். சீருடை மறைத்த வேறுபாட்டைத் தலைமயிர் காட்டுதல் ஆகாது. இவ்விரண்டும் மாணாக்கரிடம் நேர்நின்று சொல்லத்தக்கவை. இவற்றுக்குப் பாவம் என்னும் அச்சுறுத்தல் வேண்டுவதில்லை.

கீற்றிட்டு வந்துவிட்ட பிள்ளையை என்செய்வது? காலைக்கூட்டத்தில் நிறுத்தி நகையாடுதலும், கத்தரிகொண்டு நறுக்குதலும் பிள்ளையின் சிறு குற்றத்தினும் பெருங் குற்றங்கள். நாளையே கறுப்புப் பூசி வருக என்று பணித்தலும் நன்றன்று. வெளிற்றப்பட்ட தலையிலே மற்றொரு மருந்தைப் பூசுவித்தலும், வெளிப்படையாயிருந்ததை மறைக்கக் கற்பித்தலும் அதனால் நிகழும். யப்பான் நாட்டு ஒசாக்காவிலே, தம் இயற்கை நிறம் பழுப்பென்ற மாணவி ஒருவர், கறுப்புச் சாயமிடுமாறு பன்முறை வற்புறுத்தப்பட்டதாக 2017 இல் வழக்கிட்டார். 2021 இல் நீதிமன்றம் அவ்விதியையும் வற்புறுத்தலையும் சட்டவிரோதமெனக் கொள்ளவில்லை. ஆயினும் அவர் வராதொழிந்தபின் பெயரை வகுப்புப் பட்டியலினின்று நீக்கியமை தவறெனக் கண்டு, 330,000 யென் இழப்பீடு விதித்தது. ஒழுங்கைக் காக்கப் புகுந்தோர் பிள்ளையையே இழந்தமை இதன் பாடம்.

தலைமயிர் திங்களுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். விதியைச் சொல்லி, காரணத்தை விளக்கி, மேலும் பூசாதிருக்கப் பணித்து, வளருமளவும் பொறுத்திருத்தலே தக்கது. அச்சில திங்களிலே பிள்ளை நம்மிடம் கற்கும். வாய்மை தலைமேல் உள்ளதன்று, நாவிலும் நெஞ்சிலும் உள்ளது என்பதை நம் நடக்கையிலிருந்தே அறியும். மழித்தலும் நீட்டலும் வேண்டியதில்லை, உலகம் பழித்ததை ஒழித்தலே போதும் என வள்ளுவர் கூறியது துறவியரை நோக்கியே. ஆயினும் கூடாவொழுக்கம் என்னும் அவ்வதிகாரத்தை மாணாக்கர்க்குப் படிப்பிக்குமுன் ஆசிரியர் ஒருமுறை தமக்காகப் படித்தல் நலம்.