கலையும் கூலியும்

கலையினால் ஓர் ஊரின் சமூக வாழ்வும் பொருளாதாரமும் வளம் பெறுகின்றன என்னும் கருத்து இன்று ஏறத்தாழ எல்லாராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. விழா நடந்தால் கடைகள் நிறையும், அயலூரார் வருவர், பணம் புழங்கும். இது பொய்யன்று. ஆயின், நன்மை யாருக்கு என்னும் வினா அதனுள்ளே மறைந்து கிடக்கின்றது. கொத்மலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களை நோக்குமிடத்து அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

மலையகத் தோட்டங்களில் ஒரே இசைக்கருவி இரு பணிகளைச் செய்தது. விடியுமுன் லயங்களில் உறங்குவோரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு. மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு முழங்கியதும் அதே தப்பு. முன்னது துரையின் நேரம். பின்னது தொழிலாளரின் நேரம். கலை பொருளாதாரத்துக்குப் பயன்பட வேண்டும் என்பதே அளவுகோலாயின், பிரட்டுக்கு அடித்த தப்பையே சிறந்த கலை எனக் கொள்ள நேரும்! பொருளாதாரம் என்ற பொதுச்சொல் எத்துணை எளிதாக ஒரு பகுதியாரின் இலாபத்தை ஊர் முழுவதற்கும் உரியதாகக் காட்டிவிடுகின்றது என்பது இதனாற் புலனாகும்.

காமன் கூத்தின் இயல்பு வேறு. வளர்பிறையில் கம்பம் நடப்பெறும். சிவனின் தவத்தைக் குலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரியுண்டு, இரதியின் புலம்பலின் பின் மீண்டும் உயிர்பெறும் கதை விடியவிடிய ஆடப்படும். பகலிற் கவ்வாத்து வெட்டியவனே இரவில் மன்மதன்; இரதி வேடம் பூணுபவனும் ஆண்மகனே. நுழைவுச்சீட்டு இல்லை. வீடுகள்தோறும் திரட்டும் பணமே முதல். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுக்கு, தாம் குடியிருந்த காம்பராவும் தோட்டத்துக்கே உரியதாயிருந்த காலத்தில், கம்பம் நட்ட திடல் ஒன்றே அவர்தம் சொற்படி நடந்த இடமாக இருந்தது எனலாம். இப்பேற்றை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

பாமோல், போவன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் இருவர் 1966 இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. ஏனைய தொழில்களில் ஒருவரது உழைப்பின் விளைவு காலந்தோறும் பெருகுகின்றது. அரங்கக் கலையிலோ அன்று வேண்டிய ஆட்களும் நேரமும் இன்றும் வேண்டும் என்பது அவர்தம் முடிபு. கொழுந்து பறிப்பவளிடம் நாளொன்றுக்கு இன்னும் இரண்டு கிலோ கூடக் கேட்கலாம், கேட்டும் வருகின்றனர். இரதியிடம் அவ்வாறு புலம்பலைக் கூட்டிக் கேட்க முடியுமா?

கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் சுற்றுலாப் பயணிகள் ரம்பொடையிலும் லபுக்கலையிலும் இறங்கித் தேநீர் அருந்துகின்றனர். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடிக்கின்றனர். காமன் கூத்தையும் அரைமணி நேரக் காட்சியாக்கி விடுதி முற்றத்தில் ஆடுவித்தால் வருமானம் கிடைக்குமே என்று கூறுவோர் இருக்கலாம். சுருக்குதல் தன்னளவிற் குற்றமன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்துகளைச் சுருக்கிப் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றியமையால் கூத்துக்கு மதிப்பு உயர்ந்ததேயன்றிக் குறையவில்லை. எதை வெட்டுவது, எப்போது ஆடுவது என்பதை ஆடுவோர் தீர்மானிப்பரா, விடுதிக்காரர் தீர்மானிப்பாரா என்பதே என் ஐயம். விடுதிக்காரர் தீர்மானிப்பின், இரதியின் நீண்ட புலம்பலே முதலில் வெட்டுப்படும். கேட்டுக் கண்ணீர் விட வேண்டியவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள் அல்லவா?

அவ்வாறாயின் கலை கூலியைக் கடந்தது, அதற்கு விலை பேசலாகாது என்று முடித்துவிடலாமா? அதுவும் இயலாது. இவ்வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தப்படிப்பவரின் நினைவே வருகின்றது. மன்மதனாக வேடமிடுபவர் நேர்த்தி வைத்து ஆடலாம். தப்படிப்பவரோ தம் சாதியின் கடமை என்று கொட்டுமாறு ஏவப்பட்டவர். கூத்திலும் கொட்டினார், சாவு வீட்டிலும் கொட்டினார், கிடைத்தது பெரும்பாலும் பிறர் மனமுவந்து ஈந்தது. கலையின் தூய்மையைப் பேசுவோர் அவரது உழைப்பின் கட்டாயத்தைக் காணத் தவறுகின்றனர். அவர் வீட்டு இளைஞர் தப்பைத் தொட மறுத்துக் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிச் செல்வாராயின், மரபு அழிகின்றதே என்று நாம் வருந்துவது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. ஓர் இரவு முழுவதும் கொட்டுவதும் உழைப்பே. திரட்டிய பணத்தில் பந்தலுக்கும் வேட உடைக்கும் இவ்வளவு என ஒதுக்குவதுபோலத் தப்புக்கும் ஒரு தொகையை, கம்பம் நடுமுன்னரே அவருடன் சரிசமமாக அமர்ந்து பேசி, கணக்கில் எழுதலாம். வர இயலாது என்று அவர் கூறினால் அதனையும் ஏற்றுக்கொள்ளலாம்.