சிற்றுழவியந்திரம் வாங்குதல் தகுமோ?

உலகத்திலே ஒரு பொருளை வாங்கப் புகுவோர் பெரும்பாலும் மூன்று வினாக்களையே வினாவுவர். அதன் விலை யாது, அதன் வலி யாது, அஃது எத்துணைக் காலம் நிலைக்கும் என்பன அவை. இவை வேண்டற்பாலனவே. ஆயினும், இவற்றின் மேலாக நான்காவது வினா ஒன்று உண்டு. அப்பொருள் நம்மிடம் வந்தபின் யாருடைய பாரம் குறையும், யாருடைய பாரம் கூடும் என்பதே அது. இவ்வினாவுக்கு விடை கூறும் வணிகர் ஒருவரும் இலர். வாங்குவோரே தம் நெஞ்சை வினாவி விடை காணுதல் வேண்டும். சென்ற ஆண்டிலே எனக்கு நேர்ந்ததொன்றைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வாம்.

கண்டி நகரிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வழியிலே, கெலிஓயாவுக்கு அப்பால், என் தந்தையார் விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் நிலம் உளது. அதில் அரை ஏக்கர் பள்ளத்து வயல்; எஞ்சியது சரிவான மேட்டு நிலம். மேட்டிலே பலா, தென்னை, கமுகு, சாதிக்காய், கராம்பு ஆகிய மரங்களும் அவற்றிலே படர்ந்த மிளகுக் கொடிகளும் நிற்கின்றன. அந்நிலத்தை முப்பது ஆண்டாக மண்வெட்டியாற் பேணி வருபவர் அயலிலுள்ள தேயிலைத் தோட்டத்து முதியவர் ஒருவர். வயலை உழுதற்கு அயலார் ஒருவருடைய எருமைச் சோடி வருதல் வழக்கம். சென்ற ஆண்டு அவ்வயலார் எருமைகளை விற்றுவிட்டார். முதியவருக்கும் முதுகு நோய் மிகுந்தது. வேறு கூலியாள் கிடைத்தல் அரிதாயிற்று. ஆதலின், ஓய்வு பெறும் நாளுக்கென்று சேர்த்து வைத்த பணத்திலே இருசில்லு உழவியந்திரம் ஒன்று வாங்கலாமென எண்ணினேன்.

யான் இளமையிலே மிஷன் பாடசாலையிற் கற்றவன். இயந்திரம் பெருகப் பெருக மனிதர் துன்பம் நீங்கும் என்னும் கருத்து அங்கே யான் ஓதிய பாடநூல்களிலே பரந்திருந்தது. பின்னர்ச் சைவப் பெரியோர் கூட்டங்களிலே பழகியபோது, முன்னோர் கையாளாதன யாவும் தீயன என்பார் சிலரையும் கண்டேன். இவ்விரு திறத்தாரும் ஆராயுமுன்னே துணிந்தவராவர். பொருளை நோக்காது அதன் புதுமை பழமைகளை மாத்திரம் நோக்குதல் அறிவுடையார்க்கு அழகன்று.

இவ்வியந்திரத்தின் வரலாறு நம்மவர் அறியத்தக்கது. யாழ்ப்பாணத்திலே எந்நிறுவனத்தார் செய்த இருசில்லு உழவியந்திரத்தையும் ‘லாண்ட்மாஸ்டர்’ என்றே மக்கள் வழங்குவர். அப்பெயருடைய இயந்திரத்தை 1950களிலே அமைத்தவருள் முதன்மையானவர் இலங்கையரே. கேம்பிரிட்ஜிலே பொறியியல் கற்ற ரே விஜேவர்தன (1924 – 2010) அவர். பெரிய திராக்டர் இறங்கமாட்டாத சிறு வயல்களிலே ஏழை உழவனுக்குத் துணையாதல் வேண்டுமென்பது அவர் நோக்கம். அவ்வியந்திரம் இங்கிலாந்திலே செய்யப்பட்டுப் பல தேசங்களுக்கும் சென்றது. ஆயின், அவரே பிற்காலத்தில் தம் செயலை மீண்டும் ஆராய்ந்தார். தாம் இயந்திரமாக்கியது வேளாண்மையை அன்று, எருமையை மாத்திரமே என்னும் முடிபுக்கு வந்தார். எருமை தன் கன்றைத் தானே ஈனும், பால் தரும், எருத் தரும், அயலிலுள்ள புல்லைத் தின்று வாழும். இயந்திரமோ பிற தேசத்து எண்ணெயைக் குடித்துத் தேய்ந்தொழியும். ஆகவே அவர் உழாது பயிர் செய்யும் முறைகளிலும், கிளிரிசிடியா முதலிய மரங்களை வேலியாக வளர்த்து அவற்றின் தழையை எருவாக்கும் முறையிலும் கருத்தைச் செலுத்தினார். தாம் பெயர்பெற்ற செயலையே ஐயுற்று ஆராய்ந்த அவருடைய நேர்மை மாணாக்கருக்கு எடுத்துரைத்தற்குரியது.

இனி, ஆனந்த குமாரசுவாமி கூறிய பேதம் ஒன்றை இங்கே கருதுதல் நன்று. கொழும்பிலே 1877ஆம் ஆண்டு பிறந்து, கண்டி நாட்டுக் கைத்தொழில்களை ஆராய்ந்து 1908இல் நூல் வெளியிட்ட அவ்வறிஞர், கருவி வேறு, இயந்திரம் வேறு என்றார். மனிதன் கைக்கு வலி சேர்ப்பது கருவி. மனிதன் அறிவாற் செய்யவேண்டிய பகுதியைத் தானே கவர்ந்துகொள்வது இயந்திரம். இப்பேதத்தைக் கொண்டு நோக்குமிடத்து, சிற்றுழவியந்திரம் கருவியின் பக்கமே சாரும் என்பது என் கருத்து. என்னை? அதனைப் பிடிப்பவர் சேற்றிலே அதன் பின்னே நடக்கின்றார். வரம்பு எங்கே வளைகின்றது, சேறு எங்கே ஆழமென்று அவரே நோக்குகின்றார். அது கொள்வது அவர் சுமையையேயன்றி அவர் அறிவையன்று. ஆதலின், அதனை வாங்குதல் தன்னளவிலே குற்றமாகாது.

அற்றேல், எந்நிலத்துக்கும் ஆகுமோவெனின், ஆகாது. எம் மேட்டு நிலத்தை அது கிளறுமாயின், மண் பொடியாகி, அடுத்த மழையிலே மாவலி கங்கைக்குச் சென்று, 1976இலே கட்டப்பட்ட பொல்கொல்லை அணையின் பின்னே போய்ப் படியும். கண்டி மலைகள் இப்பாடத்தை முன்னரே கற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகக் காடு வெட்டினர். 1869இலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தில் தேயிலை வந்தது. கழுவுண்ட மேன்மண் மாத்திரம் மீளவில்லை. மண்காப்புக்கென்று 1951இலே சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. பல படையாக மரம் நிற்கும் கண்டி வீட்டுத்தோட்டம் உழவை வேண்டுவதில்லை. சருகும் நிழலுமே அதனைக் காக்கும். ஆகவே, எனது இரண்டு ஏக்கரிலே இயந்திரத்துக்கு வேலை தருவது அரை ஏக்கரே.

எருமைகளைக் குறித்தும் ஒன்று சொல்லுதல் வேண்டும். கோயிலிலே இடபத்தை வணங்கும் நாம், வயலிலே கழுத்துப் புண்ணோடு இழுக்கும் விலங்கை அடித்தோட்டுவதைக் கண்டும் காணாதவராய் இருந்தோம். நுகத்தினின்றும் அதனை விடுவித்த இயந்திரம் ஒருவகையிற் சீவகாருணியஞ் செய்தது என்னலாம். ஆயின், நுகம் நீங்கிய விலங்கின் கதி யாது? அயலார் விற்ற எருமைகள் எங்கே சென்றன என்று யான் வினாவவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவரும் விடையை அறிந்திருந்தமையே காரணம். மேலும், வள்ளுவனார் எருவை ஏரினும் மேலாக வைத்தார். 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்தை அரசு திடீரெனத் தடுத்தபோதும், 2022இலே டீசலுக்காக நெடுவரிசையிலே நின்றபோதும், எருவும் தரும் எருமையை இழந்தமை எத்தகையது என்பதை உழவர் நன்குணர்ந்தனர்.

இவ்வளவும் ஆராய்ந்தபின், வாங்காதொழிவதே அறமென்று துணிந்து, என் துணிவை முதியவருக்கு உரைத்தேன். உமது வேலையை இயந்திரம் கவரும்படி விடேன் என்று சிறிது பெருமிதத்தோடும் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று, “மாஸ்டர், மெஷின் வந்தால் என் முதுகுக்கு நல்லது. என் மகனுக்கு வேலை இருக்குமா என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். யான் நாணினேன். பிறருடைய முதுகின்மேல் நின்று யான் அறம் பேசினேன் என்பது அப்போது விளங்கிற்று. உழைப்பின் உயர்வை நிழலிலிருந்து புகழ்தல் எளிது. மண்வெட்டியின் கனத்தை அதனைப் பிடித்தவரன்றோ அறிவர்! முப்பது ஆண்டிலே அவர் கருத்தை யான் கேட்டது அன்றே முதன்முறை.

பின்னர் என் நெஞ்சையும் ஆராய்ந்தேன். வயலை ஒரு போகத்துக்கு மும்முறை உழுதல் வேண்டும். ஒருமுறைக்கு அரைநாள் போதும். பெரும்போகம் சிறுபோகம் இரண்டுக்குமாக ஆண்டொன்றுக்கு மூன்று நாள். எஞ்சிய 362 நாளும் இயந்திரம் கொட்டிலிலே நிற்கும். இக்கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்வான்; யான் செய்யாதிருந்தமைக்குக் காரணம் யாது? மேல்வீட்டார் ஒன்று வாங்கி வீதியிலே ஓட்டிச் சென்றதை யான் கண்டதே காரணம். தேவை என்று யான் பெயரிட்டதில் ஒரு பங்கு தேவை. மற்றைப் பங்கு ‘எனது’ என்னும் செருக்கு.

ஆகவே, இவ்வாறு செய்தேன். என் பெயரால் இயந்திரம் வாங்கவில்லை. முதியவரின் மகனுக்கு, யானும் அயலார் இருவரும் பணம் சேர்த்து, வட்டியின்றிக் கடன் கொடுத்தோம். முன்னே பிறரிடத்திலே பழகிய பயன்படு இயந்திரம் ஒன்றை அவர் வாங்கினார். எங்கள் வயல்களையும் அயலிலுள்ள சிங்கள உழவர், முஸ்லிம் உழவர் வயல்களையும் கூலிக்கு உழுகின்றார். சிங்களக் கிராமங்களிலே ‘அத்தம்’ என்று வழங்கிய கைமாற்று வேலைமுறையை அறிந்த முதியோர், தத்தம் முறைநாளைப் பிணக்கின்றி வகுத்துக் கொடுத்தனர். முதியவர் மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொள்கின்றார். மேட்டு நிலத்தைச் சுற்றிக் கிளிரிசிடியா நட்டிருக்கின்றோம்.

இதனால் யாவும் செவ்வையாயின என்று சொல்லேன். கடன் முழுதும் மீளுமோ என்பதை இன்னும் சில போகங்கள் கழிந்தே அறியலாம். டீசல் விலை மீண்டும் ஏறின் அவ்விளைஞர் இடர்ப்படுவர். எருமைகளைக் குறித்த குற்றமும் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

உபாத்தியாயர்களே, இயந்திரம் நன்றோ தீதோ என்னும் பொருளிலே மாணாக்கரைக் கட்டுரை எழுதப் பணிக்கின்றோம். அவரும் இரு பக்கமும் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். இனி அவ்வினாவைச் சிறிது மாற்றிக் கொடுப்போமாக. உன் வீட்டுக்கு வாங்க எண்ணிய பொருளொன்றைச் சொல்லுக. அஃது ஆண்டிலே எத்தனை நாள் பயன்படும் எனக் கணக்கிடுக. அதனால் யாருடைய வேலை மாறுமோ அவரிடஞ் சென்று கேட்டு வந்து எழுதுக என்போமாக. முதலிரண்டையும் அவர் இருந்த இடத்திலிருந்தே செய்யலாம். மூன்றாவதற்கு எழுந்து நடத்தல் வேண்டும். அந்நடையை யான் முப்பது ஆண்டு தாழ்த்தேன். நம் மாணாக்கர் அத்துணை தாழ்த்தாதிருப்பாராக.