நாளைய தாள்

1

செய்தித்தாள் பிந்தியே வருகிறது. விபத்து நேற்று, தாள் இன்று. இதை அச்சு இயந்திரத்தின் குறைபாடு என்று நினைத்துப் பழகிவிட்டோம். வாசகனின் மன நிம்மதி முழுவதும் இந்தப் பிந்துதலின் மேல்தான் நிற்கிறது என்பது அவ்வளவாக யோசிக்கப்படாத விஷயம். தலைப்பில் 'பலி' என்ற சொல் வந்துவிட்டால் காரியம் முடிந்துவிட்டது. இனி வருத்தப்படலாம், பக்கத்தைப் புரட்டலாம், செய்வதற்கு ஏதுமில்லை. வாசகன் நிரபராதி. அவனை அப்படி ஆக்கி வைத்திருப்பது ஓர் இறந்தகால வினைமுற்று மட்டுமே.

இந்த வினைமுற்றைப் பிடுங்கிவிட்டால் வாசிப்பு என்னவாகும்? 1996 முதல் 2000 வரை அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் நான்கு பருவங்கள் ஓடிய 'ஏர்லி எடிஷன்' என்ற தொடர் இந்தக் கேள்வியைத்தான் கதையாக்கியது. சிக்காகோவில் பங்குத் தரகனாக இருக்கும் கேரி ஹாப்சனை மனைவி வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுகிறாள். ஓட்டலில் அறை எடுத்துத் தங்குகிறான். ஒவ்வொரு நாள் காலையிலும் அவன் வாசலில் ஒரு பூனையோடு 'சிக்காகோ சன்-டைம்ஸ்' வந்து விழுகிறது. தேதி மட்டும் மறுநாளுடையது. தாள் கற்பனையானதல்ல, 1948இல் இரண்டு தாள்கள் இணைந்து உருவாகி, இன்றும் வெளிவந்துகொண்டிருக்கும் தாள். யார் அனுப்புகிறார்கள், ஏன் இவனுக்கு என்பதெல்லாம் தெளிவாவதில்லை.

கலை என்ற அளவில் இந்தத் தொடரைப் பெரிதாக மதிக்க வேண்டியதில்லை. வாரம் ஓர் ஆபத்து, கடைசி நிமிஷத்தில் ஒரு மீட்பு என்ற வெகுஜனச் சூத்திரம்தான். ஆனால் சூத்திரங்களுக்கு உள்ளேயும் சில சமயம் அதை எழுதியவர்கள் முழுவதும் உத்தேசித்திராத ஒரு கேள்வி சிக்கிக்கொண்டிருக்கும்.

2

நாளைய தாள் என்ற கற்பனை புதிதல்ல. 1932இல் வெளிவந்த எச்.ஜி. வெல்ஸின் கதையொன்றில் பிரௌன்லோ என்பவருக்கு நாற்பது ஆண்டுகள் பின்னால் அச்சாக வேண்டிய மாலைத் தாள் கிடைக்கிறது. அங்கே இயங்குவது ஆவல் மட்டும். ரெனே க்ளேர் 1944இல் எடுத்த படத்தில் நிருபன் ஒருவன் மறுநாள் தாளை வைத்துக் குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்கிறான்; பிறகு அதிலேயே தன் சாவைப் படித்து நடுங்குகிறான். ஆசையும் பயமும். 1963இல் 'ட்வைலைட் ஸோன்' தொடரில் வந்த ஒரு கதையில், நொடித்துப்போன சிறுநகரத் தாள் ஒன்றுக்குச் சாத்தான் லைனோடைப் ஆளாக வந்து சேர்கிறான். அவன் கோத்த வரிகள் பிறகு நடந்துவிடுகின்றன. விற்பனை ஏறுகிறது. பத்திரிகையின் ரகசிய ஆசையை இவ்வளவு நேராகச் சொன்ன கதை குறைவு.

இவற்றிலிருந்து 'ஏர்லி எடிஷன்' விலகும் இடம் ஒன்று உண்டு. ஹாப்சனின் நண்பன் சக், பந்தயப் பக்கத்தையும் பங்கு விலையையும் தேடுகிறான். இன்னொரு சிநேகிதி மரிசா பார்வையற்றவள். தாளைத் தானாகப் படிக்க இயலாத அவள்தான் அதை எதற்காகப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஹாப்சன் இருவருக்கும் நடுவில் நின்று, முணுமுணுத்துக்கொண்டே, அவள் பக்கம் போகிறான். தெரிந்துகொள்வதே கடமையாகிவிடுகிறது.

3

இங்கு ஒரு தர்க்கச் சிக்கலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. நாளை கடற்போர் நடக்கும் என்ற வாக்கியம் இன்றைக்கே உண்மையா என்று அரிஸ்டாட்டில் கேட்டார். உண்மையென்றால் போரைத் தடுக்க முடியாது; யோசனை, முயற்சி எல்லாம் வீண். அச்சில் ஏறிவிட்ட நாளை இந்தச் சிக்கலின் ஸ்தூல வடிவம். ஆனால் ஹாப்சன் ஒரு குழந்தையைத் தெருவிலிருந்து இழுத்ததும் கையிலுள்ள தாளில் தலைப்பு மாறிவிடுகிறது. அப்படியானால் அவன் படித்தது உண்மையுமல்ல, பொய்யுமல்ல, ஓர் எச்சரிக்கை. 'யாரும் ஒன்றும் செய்யாவிட்டால்' என்ற நிபந்தனை ஒவ்வொரு வாக்கியத்தின் முன்னாலும் அச்சிடப்படாமல் நிற்கிறது.

இதே சிக்காகோவில் 1948 நவம்பர் 3ஆம் தேதி 'டிரிப்யூன்' தாள், ட்ரூமனை டூயி தோற்கடித்துவிட்டதாகக் கொட்டை எழுத்தில் போட்டது. ஜெயித்தது ட்ரூமன். அங்கே தாள் நாளையை முடிந்துபோனதாகப் பாவித்தது. ஹாப்சனின் தாள் நடந்து முடிந்ததுபோல் சொல்வதை வாசகன் இன்னும் முடியாததாகப் படிக்க வேண்டும். எழுத்து அதேதான். வாசிக்கும் முறையில்தான் நீதி நுழைகிறது.

இதன் விளைவை யாரும் அவ்வளவாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. தடுக்கப்பட்ட விபத்து செய்தியாவதில்லை. ஹாப்சன் வெற்றி பெறும் ஒவ்வொரு முறையும் தாளிலிருந்து ஒரு பத்தி கரைந்துபோகிறது. அவன் செய்த நன்மைக்குச் சாட்சியம் கிடையாது. ஊரின் கண்ணில் அவன் காரணமில்லாமல் ஓடுகிற, தானாக வந்து தலையிடுகிற ஒரு சந்தேகத்துக்குரிய ஆசாமி. பழைய தமிழில் செய்தி என்றால் செயல். இன்று செய்தி என்பது பெரும்பாலும் செய்யத் தவறியவற்றின் பட்டியல். செய்யப்பட்டவை அச்சேறாமலே போய்விடுகின்றன. ஆகவே உலகைப் பற்றி நமக்குத் தாள் தரும் சித்திரம் கருமையாக இருப்பதில் வியப்பில்லை.

4

வெல்ஸின் பிரௌன்லோவிடம் வந்த தாளின் தேதி 1971 நவம்பர் 10. தேசங்களின் சச்சரவுகள் ஓய்ந்துவிட்ட உலகத்தின் தாள் அது. உண்மையான 1971 நவம்பர் வந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த சுமார் 1 கோடி அகதிகள் இந்தியாவில் முகாம்களில் இருந்தார்கள். அந்த மாதத்தில்தான் பீட்டர் சிங்கர் என்ற இளம் தத்துவவாதி, பஞ்சத்தையும் வசதியையும் பற்றிய தன் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தார், 1972இல் வெளியாயிற்று. குளத்தில் மூழ்கும் குழந்தையைப் பார்த்தவன், உடை நனையும் என்று சும்மா போக முடியாது. குழந்தை பத்தடியில் இருந்தாலும் பத்தாயிரம் மைலில் இருந்தாலும் தடுக்கும் சக்தி இருக்கிற வரை கடமை ஒன்றே என்பது அவர் வாதம்.

இதை ஏற்றுக்கொண்டால் நம் வாசலில் விழும் சாதாரணத் தாளும் பாதிக்கு மேல் நாளைய தாளாகிவிடுகிறது. பஞ்சம் வருகிறது, அணையில் விரிசல், முகாமில் மருந்தில்லை என்ற வரிகளில் இறந்தகாலம் எதுவுமில்லை. அவற்றைப் படிக்கையில் நாமே இறந்தகாலத்தைச் சேர்த்துக்கொள்கிறோம். பிந்துதல் தாளிடம் இல்லை. நம் வாசிப்பில் இருக்கிறது.

ஆனால் சிங்கரோடு முழுவதும் போகவும் தயக்கமாக இருக்கிறது. ஹாப்சனுக்கு அவனுடைய தாள் ஒரு சலுகை தருகிறது. அது பெரும்பாலும் ஒரு நகரம், ஒரு பகல், இரண்டு கால்கள் எட்டுகிற தூரம். அதற்குள்ளேயே அவன் தவிக்கிறான்: தொடக்கக் கதைகளில் ஒன்றில் வண்டி மோதவிருக்கும் சிறுமி ஒரு பக்கம், விழவிருக்கும் விமானம் மறுபக்கம். அவனுக்கென்று ஒரு வாழ்க்கை அநேகமாக மிஞ்சுவதில்லை. உலகம் முழுவதற்குமான தாளைக் கையில் வைத்திருப்பவனுக்கு இந்த எல்லைகூடக் கிடையாது. எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்பது கடைசியில் எதற்கும் பொறுப்பில்லை என்பதில் போய் முடியும் அபாயம் நிஜமானது. எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும். அந்தக் கோடு இயற்கையானது, தாளே போட்டுக் கொடுத்தது என்று சொல்லிக்கொள்வதுதான் பொய். போட்டது நாம்; எங்கே போட்டோம் என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியதும் நாம்.

எழுதுகிறவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். நவீன கவிதைக்குள் செய்தித்தாள் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் அற்பத்தனத்தின் அடையாளமாக, தேநீர்க் கறையோடு, காலைச் சலிப்போடு. நான்காம் பக்கத்துச் சாவு ஒரு நல்ல படிமமாகிவிட்டால் திருப்தி. அந்தப் படிமம் எழுதப்பட்டபோது அந்தச் செய்தி முடிந்துவிட்டிருந்ததா என்று கவிஞன் தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டா? முடிந்திருக்கவில்லை என்றால், கவிதையின் கச்சிதம் எதை மூடி வைக்கிறது?